லாப நோக்கம் இல்லை என்பது மட்டும் தகுதிச் சான்று ஆகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தொண்டு நிறுவனங்களையும் தொழில் நிறுவனங்களையும் அரசுத் துறைகளையும் ஒரே பட்டியலில் வைத்து, செலவுச் சிக்கனம், வேகம், பொறுப்புடைமை என்ற மூன்று தலைப்புகளில் மதிப்பெண் வழங்கித் தங்கள் நடுப்பக்கத்தில் வெளியான கட்டுரையையும், அதை மறுத்து அடுத்தடுத்து வந்த வாசகர் கடிதங்களையும் படித்தேன். தொண்டு நிறுவனங்கள் கம்பெனிகளைப் போல நடத்தப்பட்டால்தான் உருப்படும் என்பது கட்டுரையாளரின் முடிவு. சேவை மனப்பான்மையை எடைபோட்டுப் பார்ப்பதே தவறு என்பது மறுத்தவர்களின் வாதம். எந்த வேலைக்கு என்ற கேள்வியை இரு தரப்பாரும் கேட்கவில்லை. பணம் கொடுப்பவர் யார், பலன் பெறுபவர் யார், கிடைத்தது நல்லதா கெட்டதா என்று பெறுபவரால் சொல்ல முடியுமா என்பவற்றைத் தெரிந்துகொள்ளாமல் இந்த வகை நிறுவனம்தான் திறமையானது என்று தீர்ப்பு எழுதிவிட முடியாது. தணிக்கைத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். மூன்று வகை நிறுவனங்களின் கணக்கேடுகளும் என் மேசைக்கு வந்து போயிருக்கின்றன. அந்த உரிமையில் சற்று விரிவாகவே எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

லாப நோக்கற்ற நிறுவனம் என்றால் வரவும் செலவும் சரிக்குச் சரியாக இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கட்டுரையிலும் அந்தத் தொனி இருந்தது. சட்டம் அப்படிச் சொல்வதில்லை. அத்தகைய நிறுவனம் கட்டணம் வசூலிக்கலாம், உபரி ஈட்டலாம், வைப்புநிதியும் வைத்துக்கொள்ளலாம். அந்த உபரியை நடத்துபவர்களோ உறுப்பினர்களோ தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான். இந்த வகை நிறுவனங்களின் பலமும் பலவீனமும் இந்த ஒரு கட்டுப்பாட்டிலிருந்தே பிறக்கின்றன என்று அமெரிக்கச் சட்ட அறிஞர் ஹென்றி ஹான்ஸ்மன் 1980-ல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் விளக்கினார். வாங்குவதன் தரத்தை வாங்குபவரால் சோதித்துப் பார்க்க முடியாத இடத்தில், தரத்தைக் குறைத்துக் காசு பார்க்கும் ஆசை விற்பவருக்கு வரும். அந்தக் காசை வீட்டுக்கு எடுத்துச் செல்ல வழியில்லை என்றால் ஆசையின் வேகம் குறையும். மருத்துவத்தில் நோயாளியின் நிச்சயமற்ற நிலையே மையச் சிக்கல் என்று பொருளியல் அறிஞர் கென்னத் ஆரோ 1963-லேயே எழுதியிருந்தார். செருப்போ கைப்பேசியோ வாங்குபவருக்கு இத்தகைய பாதுகாப்பு தேவையில்லை; பிடிக்காவிட்டால் அடுத்த முறை வேறு கடைக்குப் போய்விடுவார். நினைவு தப்பிய தாயை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டு வெளியூரிலிருந்து மாதாமாதம் பணம் அனுப்பும் மகளின் நிலை வேறு. இரவில் தாயைப் புரட்டிப் படுக்கவைத்தார்களா, முதுகில் படுக்கைப்புண் வந்திருக்கிறதா என்பது அவருக்குத் தெரியாது. வலியை அனுபவிக்கும் தாய்க்கோ அதைச் சொல்ல வாய் இல்லை.

இதற்குச் சான்றும் இருக்கிறது. முதியோர் இல்லங்களின் தரத்தை ஒப்பிட்ட 82 ஆய்வுகளைத் தொகுத்த மதிப்பாய்வு ஒன்று 2009-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. அவற்றுள் 40 ஆய்வுகளில், புள்ளியியல்படி உறுதியான வேறுபாடுகள் அனைத்தும் லாப நோக்கற்ற இல்லங்களுக்குச் சாதகமாக இருந்தன. லாபத்துக்காக நடத்தப்படும் இல்லங்களுக்கு அதே போல முழுச் சாதகமாக இருந்தவை 3 மட்டுமே. எஞ்சியவை இப்படியும் அப்படியுமாக இருந்தன. பணியாளர்களின் எண்ணிக்கையும் தரமும் லாப நோக்கற்ற இல்லங்களில் கூடுதலாகவும், படுக்கைப்புண் குறைவாகவும் காணப்பட்டன. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு டயாலிசிஸ் செய்யும் அமெரிக்க மையங்களைப் பற்றி 2002-ல் வந்த இன்னொரு தொகுப்பாய்வு, லாப நோக்கு மையங்களில் மரண அபாயம் 8 சதவீதம் அதிகம் என்று கண்டது. நோயாளி நாற்காலியில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறார், எத்தனை பேருக்கு ஒரு செவிலியர், அவர் எவ்வளவு பயிற்சி பெற்றவர் என்பனவெல்லாம் செலவுக் கணக்கில் சின்னச் சின்னத் தொகைகளாகத்தான் தெரியும். குறைத்தால் அந்த மாதமே லாபம் கூடும். விளைவு தெரியப் பல மாதங்கள் ஆகும், தெரிந்தாலும் அதற்குக் காரணம் இதுதான் என்று எந்த நோயாளியும் கைகாட்டிவிட முடியாது.

இத்துடன் நிறுத்திக்கொண்டால் மறுப்புக் கடிதம் எழுதியவர்கள் மகிழ்வார்கள். அவர்களும் படிக்க வேண்டிய ஓர் ஆய்வு உண்டு. 1990-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியா மாநிலம், ஏழை நோயாளிகளை அதிக எண்ணிக்கையில் கவனிக்கும் மருத்துவமனைகளுக்குக் கூடுதல் நிதி தரத் தொடங்கியது. அந்தப் பணம் வந்தபின் யார் என்ன செய்தார்கள் என்பதைப் பொருளியல் ஆய்வாளர் மார்க் டகன் ஆராய்ந்து 2000-ல் வெளியிட்டார். லாப நோக்கு மருத்துவமனைகள், ஏழைகளிலேயே காப்பீட்டுப் பணம் கிடைக்கக்கூடியவர்களாகப் பார்த்து இழுத்துக்கொண்டன. லாப நோக்கற்ற தனியார் மருத்துவமனைகளும் அட்சரம் பிசகாமல் அதையே செய்தன. கிடைத்த பணத்தில் பெரும்பகுதி ஏழைகளின் சிகிச்சைக்குப் போகவில்லை. நிதிச் சொத்துகளாக இருப்பில் ஏறியது. அரசு மருத்துவமனைகள் மட்டும் நல்ல பிள்ளையாக இருந்தனவா என்றால், அவற்றுக்குக் கூடுதல் பணம் வந்தவுடன், அவற்றை நடத்திய உள்ளாட்சிகள் தாங்கள் கொடுத்துவந்த தொகையைக் குறைத்துக்கொண்டுவிட்டன. மூன்று வகை நிறுவனங்கள், மூன்று வகைச் சட்டங்கள். ஏழை நோயாளிக்குக் கிடைத்ததில் பெரிய மாற்றம் ஒன்றுமில்லை. பணம் வரும் வழி ஒன்றாகிவிட்டால் பெயர்ப்பலகை வேறுபாட்டுக்கு வேலை குறைந்துவிடுகிறது. அமெரிக்காவின் பெரிய லாப நோக்கற்ற மருத்துவமனைகள் நன்கொடையில் வாழ்பவை அல்ல. கட்டணத்திலும் காப்பீட்டிலும் அரசுப் பணத்திலும் வாழ்பவை. அவற்றின் குணம் அந்த வருவாயைச் சார்ந்தே அமைகிறது.

நிறுவன வகைகளை ஒப்பிடுவதில் இன்னொரு தொல்லை, ஒரே வேலையை ஒரே மக்களுக்கு இரண்டு வகை நிறுவனங்கள் செய்வது அரிது என்பதாகும். தொண்டு நிறுவனம் தனக்குப் பிடித்த சில ஊர்களுக்குப் போகும். கம்பெனி பணம் புழங்கும் இடத்துக்குப் போகும். அரசோ எல்லா இடத்துக்கும் போயாக வேண்டும். பிறகு மூன்றின் சராசரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அது ஊர்களின் ஒப்பீடாகத்தான் இருக்கும். கட்டுரையாளரின் பட்டியலில் எனக்குள்ள முதன்மையான ஆட்சேபம் இதுவே. இந்தக் குறை நீங்கிய சோதனைகள் மிகச் சில. அவற்றுள் கென்யாவில் நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டும். மேற்குக் கென்யாவில் ஒரு தன்னார்வ அமைப்பு ஒப்பந்த ஆசிரியர்களை நியமித்து நடத்திய முயற்சி நல்ல பலன் தந்திருந்தது. அதைக் கண்டு அரசு நாடு முழுவதும் 18,000 ஒப்பந்த ஆசிரியர்களை நியமிக்கத் திட்டமிட்டது. அந்த வேளையில் ஆய்வாளர்கள் 192 பள்ளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பகுதிப் பள்ளிகளில் வேர்ல்டு விஷன் என்ற தொண்டு நிறுவனம் ஒப்பந்த ஆசிரியர்களை நியமித்தது. இன்னொரு பகுதியில் கல்வி அமைச்சகம் அதே திட்டத்தின்படி நியமித்தது. மூன்றாம் பகுதி ஒப்பீட்டுக்காக அப்படியே விடப்பட்டது. தொண்டு நிறுவனத்தின் பொறுப்பிலிருந்த பள்ளிகளில் மாணவர்களின் தேர்வு மதிப்பெண், திட்டவிலக்கத்தில் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) ஏறத்தாழ 0.2 அளவுக்கு உயர்ந்தது. அமைச்சகத்தின் பொறுப்பிலிருந்த பள்ளிகளில் உயர்வே இல்லை.

இந்த முடிவைப் பார்த்தவுடன் அரசுக்குத் திறமை போதாது என்று எழுதிவிடுவது எளிது. 2018-ல் வெளியான அந்த ஆய்வறிக்கை காட்டும் காரணங்கள் வேறு வகையானவை. அமைச்சகப் பள்ளிகளில் ஆசிரியர்களுக்குச் சம்பளம் காலதாமதமாகப் போய்ச் சேர்ந்தது. நாடு தழுவிய நியமனம் என்றவுடன் ஆசிரியர் சங்கம் களத்தில் இறங்கியது. இன்றைக்கு ஒப்பந்தம், நாளைக்கு நிரந்தரம் என்ற எதிர்பார்ப்பு பிறந்தது. பள்ளிக்கு ஒழுங்காக வந்தால்தான் ஒப்பந்தம் நீளும் என்ற பிடி தளர்ந்தது. சில பத்துப் பள்ளிகளில் வேலை செய்யும் தொண்டு நிறுவனத்தை எந்தச் சங்கமும் எதிர்க்காது, ஏனென்றால் எதிர்த்துப் பெறுவதற்கு அங்கே ஒன்றுமில்லை. ஆகவே, சிறியதாக இருப்பதால் கிடைக்கும் சலுகையையும் சேர்த்துத்தான் தொண்டு நிறுவனத்தின் வெற்றியைக் கணக்கில் கொள்ள வேண்டும். இதே துறையில் எதிர்த்திசைச் சான்றும் இருக்கிறது. வயதுக்கேற்ற வகுப்பு என்பதை விட்டுவிட்டு, வாசிக்கும் திறனுக்கேற்பக் குழந்தைகளைக் குழுவாகப் பிரித்துக் கற்பிக்கும், பிரதம் என்ற இந்தியத் தொண்டு அமைப்பின் முறை, பீகாரிலும் உத்தராகண்டிலும் அரசு ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் புத்தகமும் கொடுத்ததோடு நின்றபோது எடுபடவில்லை. அரியானாவில் அதற்கெனத் தனியே ஒரு மணி நேரம் ஒதுக்கி, மேற்பார்வை செய்யும் அரசு அலுவலர்களையும் பயிற்றுவித்து வகுப்புகளுக்கு அனுப்பியபோது, அதே அரசுப் பள்ளிகளில் மொழித்திறன் உயர்ந்தது. அரசு என்ற வகை மாறவில்லை. வேலை நடக்கும் ஒழுங்கு மாறியது.

லைபீரியா 2016-ல் தன் அரசுப் பள்ளிகளில் 93-ஐ எட்டு வெளி அமைப்புகளிடம் ஒப்படைத்தது. அவற்றுள் கம்பெனியும் இருந்தது, தொண்டு நிறுவனங்களும் இருந்தன. ஓராண்டுக்குப் பின் கற்றல் சராசரியாக உயர்ந்திருந்தது. ஆனால் பிரிட்ஜ் என்ற கம்பெனி, தன் பொறுப்புக்கு வந்த பள்ளிகளிலிருந்து ஏற்கெனவே இருந்த ஆசிரியர்களில் 74 சதவீதத்தினரை வெளியேற்றியது. கூட்டம் மிகுந்த வகுப்புகளிலிருந்து மாணவர்களையும் வெளியே அனுப்பியது. ஒப்பந்தம் அதைத் தடுக்கவில்லை. கம்பெனியைத் திட்டித் தீர்ப்பதற்கு முன்னால், அதே திட்டத்தில் பங்கேற்ற ஒரு தொண்டு நிறுவனத்தின் பள்ளியில் மாணவியர்மீது நிகழ்ந்த பாலியல் வன்கொடுமை 2018-ல் விரிவாக வெளிவந்து உலகை அதிரவைத்ததையும் சொல்லியாக வேண்டும். லாப நோக்கம் இல்லாத இடத்தில் கண்காணிப்பும் தேவையில்லை என்று நினைப்பவர்களுக்கு அது போதுமான மறுமொழி.

சந்தை எட்டிப் பார்க்காத வேலைகளில் கணக்கு வேறு. ஆப்பிரிக்கத் தூக்க நோய் செட்சி ஈயால் பரவுவது; நோயாளிகள் பெரும்பாலும் தொலைதூரக் கிராமங்களின் ஏழைகள். மருந்து வாங்கக் காசில்லாத நோயாளிகளுக்காக எந்த மருந்துக் கம்பெனியின் பங்குதாரரும் ஆய்வுக்கூடம் கட்டச் சொல்லமாட்டார். 1949 முதல் பல பத்தாண்டுகளுக்கு, நோய் மூளையை எட்டிய பின் கொடுக்கப்பட்ட மெலார்சோப்ரால் என்ற மருந்து ஆர்சனிக் கலந்தது. நரம்பில் ஏற்றும்போதே நெருப்பாய் எரியும். சிகிச்சை பெற்றவர்களில் ஏறத்தாழ இருபது பேருக்கு ஒருவரை அந்த மருந்தே கொன்றது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, 1999-ல் தான் பெற்ற நோபல் பரிசுத் தொகையையும் கொண்டு, பல நாடுகளின் பொது ஆய்வு நிறுவனங்களுடன் சேர்ந்து, புறக்கணிக்கப்பட்ட நோய்களுக்கான மருந்து முயற்சி என்ற லாப நோக்கற்ற அமைப்பை 2003-ல் உருவாக்கியது. அந்த அமைப்பு பழைய ஆய்வுகளைத் துழாவி, ஹோக்ஸ்ட் கம்பெனி எப்போதோ கைவிட்ட ஃபெக்சினிடசோல் என்ற சேர்மத்தைக் கண்டெடுத்து, சனோஃபி கம்பெனியின் துணையோடு மாத்திரையாக்கியது. 2018-ல் ஐரோப்பிய மருந்து முகமை அதற்குச் சாதகமான கருத்து வழங்கியது. வாய்வழி உட்கொள்வது மட்டுமே போதும் என்ற முதல் தூக்க நோய் மருந்து அது. இதற்கான மதிப்பெண்ணை யாருக்குக் கொடுப்பது? மூலக்கூற்றைக் கண்டதும் அதைப் பரணில் போட்டதும் கம்பெனி. பரணிலிருந்து எடுத்தது தொண்டு அமைப்பு. தயாரித்தது இன்னொரு கம்பெனி. பணம் அரசுகளுடையதும் அறநிறுவனங்களுடையதும். கட்டுரையாளரின் பட்டியலில் இந்த மாத்திரைக்கு எந்தக் கட்டமும் பொருந்தாது. கம்பெனிகள் எப்போதும் இப்படித்தான் என்றும் சொல்லிவிட முடியாது; மெர்க் நிறுவனம் 1987 முதல் ஆற்றுக் குருட்டுநோய்க்கான மருந்தைத் தேவைப்படும் அளவுக்கு இலவசமாகவே தந்துவருகிறது.

தொண்டு நிறுவனங்களின் மெய்யான பலவீனம் எங்கே இருக்கிறது என்பதைக் கட்டுரையாளர் தொட்டிருந்தால் அவரோடு நான் உடன்பட்டிருப்பேன். கம்பெனிக்கு வாடிக்கையாளர் போய்விடுவார் என்ற பயம் இருக்கிறது. ஆட்சிக்கு வாக்குப் போய்விடும் என்ற பயம் ஓரளவு இருக்கிறது. தொண்டு நிறுவனத்துக்கோ நன்கொடையாளர் போய்விடுவார் என்ற ஒரே பயம்தான். நன்கொடையாளரோ பலன் பெறுபவரின் ஊரிலேயே இல்லை. ஆகவே அவருக்குப் பிடித்த கதை எதுவோ அது வளரும். பிளேபம்ப் என்ற குடிநீர் இறைப்பானைப் பலர் மறந்திருக்கலாம். குழந்தைகள் ராட்டினம் சுற்றி விளையாடினால் நிலத்தடி நீர் மேலே தொட்டிக்கு ஏறும் என்ற யோசனை அது. தென்னாப்பிரிக்காவிலிருந்து புறப்பட்ட அதற்காக 2006-ல் அமெரிக்காவில் கோடிக்கணக்கான டாலர் நன்கொடை திரட்டும் முயற்சி பெரும் ஆரவாரத்துடன் தொடங்கியது. 2010-க்குள் 4,000 இறைப்பான்கள் என்று இலக்கு வைத்தார்கள். ஒன்றை நிறுவ ஏறத்தாழ 14,000 டாலர்; சாதாரண அடிபம்பைப் போலப் பன்மடங்கு விலை. சொல்லப்பட்ட அளவு மக்களுக்குத் தண்ணீர் தர வேண்டுமானால் குழந்தைகள் நாளொன்றுக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டும் என்று கார்டியன் நாளிதழ் 2009-ல் கணக்குப் போட்டுக் காட்டியது. குழந்தைகள் பள்ளிக்குப் போய்விட்ட நேரத்தில், குடத்தோடு வந்த பெண்கள் குனிந்து குனிந்து அந்த இரும்பு ராட்டினத்தைக் கையால் தள்ளினார்கள். பழைய அடிபம்பே போதும் என்று அவர்கள் சொன்னது நிதி திரட்டிய மேடைகளுக்கு எட்டவில்லை. 2010-ல் அதற்காக நிதி திரட்டிய அமைப்பு எஞ்சிய சரக்கை வேறொரு தொண்டு நிறுவனத்திடம் ஒப்படைத்து ஒதுங்கிக்கொண்டது.

அந்தக் குறையைத் தொண்டு நிறுவனமே தீர்த்துக்கொள்ள முடியும் என்பதற்கு வங்கதேசத்தின் பிராக் அமைப்பு சாட்சி. 1980 முதல் 1990 வரை அதன் பெண் பணியாளர்கள் வீடு வீடாகப் போய், ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில், வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு உப்பும் வெல்லமும் கரைத்த நீரைத் தயாரிக்கத் தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். மூன்று விரலால் எடுத்த உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். இத்தனை வீடுகளுக்குப் போனோம் என்று அறிக்கை எழுதிவிட்டால் நன்கொடையாளர் மகிழ்ந்திருப்பார். பிராக் அப்படி விடவில்லை. சில வாரங்கள் கழித்து வேறொரு கண்காணிப்பாளர், சில வீடுகளை மட்டும் முன்னறிவிப்பின்றித் தேர்ந்தெடுத்துப் போவார். சொல்லித் தந்த குறிப்புகளைத் தாய் திருப்பிச் சொல்ல வேண்டும், அவர் கண்முன்னே கரைசலைத் தயாரித்துக் காட்ட வேண்டும். மாதிரியில் உப்பின் அளவு சரியா என்றுகூட ஆய்வகத்தில் பார்த்தார்கள். தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ அதற்கேற்பத்தான் கற்றுக்கொடுத்த பணியாளருக்குக் கூலி. இது கம்பெனிகள் செய்யும் தரக்கட்டுப்பாட்டைவிடக் கறாரானது. அப்படிப் பார்த்ததால்தான், தாய்மார்களுக்குச் செய்முறை மனப்பாடமாக இருந்தும் குழந்தைக்கு நோய் வந்தபோது அவர்கள் கரைசலைக் கொடுக்கவில்லை என்பதும், போதித்த பணியாளர்களிலேயே பலர் தங்கள் வீட்டில் அதைப் பயன்படுத்தவில்லை என்பதும் வெளிப்பட்டன. பணியாளர்களைக் கூட்டி, அந்தக் கரைசல் உடலுக்குள் எப்படி வேலை செய்கிறது என்பதை விளக்கி நம்பவைத்தார்கள், ஆண்களிடமும் போய்ப் பேசினார்கள், பயன்பாடு கூடியது.

சட்ட வடிவத்தை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கும் அனுபவம் இருக்கிறது. ஏழைகளுக்குத் தரப்படும் சிறு தொகைக் கடனான குறுங்கடனின் பலனைக் குலுக்கல் முறையில் சோதித்த ஆறு நாட்டு ஆய்வுகள் 2015-ல் ஒருசேர வெளியாயின. மொராக்கோவில் கடன் கொடுத்தது லாப நோக்கற்ற அமைப்பு. மெக்சிகோவில் கொடுத்த கம்பார்தாமோஸ், 1990-ல் தொண்டு அமைப்பாகப் பிறந்து 2007-ல் பங்குச் சந்தைக்குப் போன வங்கி. இரண்டிலும் பலன் சுமாராகத்தான் இருந்தது. ஏழ்மையைப் புரட்டிப்போட்ட மாற்றம் எங்கும் தென்படவில்லை. கடன் என்ற கருவிக்கு அவ்வளவுதான் வலு இருக்கிறது என்றால், கொடுப்பவர் எந்தச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்திருக்கிறார் என்பதால் அது கூடிவிடாது. பிரிட்டனில் உறுப்பினர்களுக்கே சொந்தமாக இருந்த வீட்டுக்கடன் சங்கங்கள் சில, 1989 முதல் 2000 வரை பங்கு நிறுவனங்களாக மாறின. திறமை கூடும் என்பதே அப்போது சொல்லப்பட்ட காரணம். 1997-ல் மாறிய நார்தர்ன் ராக் 2007-ல், போட்ட பணத்தைத் திரும்பப் பெற மக்கள் வாசலில் வரிசை நிற்கும் நிலைக்கு வந்து, அடுத்த ஆண்டே அரசுடைமையாக்கப்பட்டது. மாறியவற்றுள் ஒன்றுகூட இன்று தனித்த வங்கியாக இல்லை.

கட்டுரையாளர் செலவுச் சிக்கனத்துக்குக் கொடுத்த மதிப்பெண், நிர்வாகச் செலவு மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்பதை அடிப்படையாகக் கொண்டது. என் தொழில் அனுபவத்தில் இதைவிட எளிதாக வளைக்கக்கூடிய எண் வேறில்லை. தொண்டு நிறுவனத்தின் ஜீப்பை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் அது செவிலியரைக் கிராமத்துக்குக் கொண்டுபோகும்; மாலையில் இயக்குநரை நன்கொடையாளர் கூட்டத்துக்குக் கொண்டுபோகும். ஓட்டுநரின் சம்பளத்தில் எவ்வளவு திட்டச் செலவு, எவ்வளவு நிர்வாகச் செலவு என்பது வண்டியின் லாக் புத்தகத்தில் எழுதப்பட்ட கிலோமீட்டரைப் பொறுத்தது. அந்தப் புத்தகம் பல இடங்களில் ஆண்டுக் கடைசியில்தான் நிரப்பப்படும். நிர்வாகச் செலவு பத்துச் சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று நன்கொடை ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால், கணக்கரின் சம்பளமே திட்டக் கண்காணிப்பு என்ற தலைப்புக்கு இடம் மாறியிருக்கும். ஒரு நிறுவனத்தில் அலுவலகத்தின் தண்ணீர்க் கட்டணம்வரை பயிற்சிச் செலவாக எழுதப்பட்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். பொய் என்று சொல்ல முடியாதபடி ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம் இருக்கும். மெய்யாகவே குறைத்துக் காட்டுபவர்களின் கதி இன்னும் மோசம்: பழைய கணினி, பயிற்சியில்லாத ஊழியர், பலனை அளக்க ஆள் இல்லை. இந்தப் பட்டினிச் சுழலைப் பற்றி 2009-ல் ஸ்டான்ஃபோர்டு சோஷியல் இன்னொவேஷன் ரிவ்யூ இதழில் ஒரு கட்டுரை விரிவாகவே வந்தது. தொண்டு நிறுவனங்களைப் பற்றிய தகவலும் மதிப்பீடும் தரும் அமெரிக்க அமைப்புகளான கைடுஸ்டார், சாரிட்டி நேவிகேட்டர் ஆகியன இன்னோர் அமைப்புடன் சேர்ந்து, நிர்வாகச் செலவு விகிதத்தை மட்டும் வைத்து எடைபோடாதீர்கள் என்று 2013-ல் நன்கொடையாளர்களுக்குப் பகிரங்கக் கடிதமே எழுதின. அந்த அளவுகோலைத் தங்கள் நடுப்பக்கம் இன்னும் பயன்படுத்துவது எனக்கு வியப்பாக இருந்தது. கம்பெனிகளிடம் யாரும் இந்த விகிதத்தைக் கேட்பதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். சோப்பு வாங்குபவர், அந்தக் கம்பெனியின் தலைமையகச் செலவு எவ்வளவு என்று விசாரிப்பதில்லை. அழுக்குப் போகிறதா என்று பார்க்கிறார்.

வேகத்துக்குக் கொடுத்த மதிப்பெண் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 1970-க்குப் பிறகு தொடங்கப்பட்ட 2,00,000-க்கும் மேற்பட்ட லாப நோக்கற்ற நிறுவனங்களில், ஆண்டு வருவாய் 5 கோடி டாலரைத் தொட்டவை வெறும் 144 என்று 2007-ல் வெளியான ஓர் ஆய்வு கூறியது. அவற்றுள்ளும் பெரும்பாலானவை அரசு போன்ற ஏதாவது ஒரே வகைப் புரவலரைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தவை. கம்பெனி வளர வேண்டுமானால் பங்கு விற்று முதல் திரட்டலாம். பங்கே இல்லாத நிறுவனத்துக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. காலில் விலங்கோடு ஓடியவரின் நேரத்தைக் குறித்துக்கொண்டு, அவருக்கு ஓடத் தெரியவில்லை என்று எழுதுவது முறையல்ல. அதே சமயம், வளர முடியாத நிறுவனத்திடம் ஒரு நாட்டின் தடுப்பூசித் திட்டத்தையோ பள்ளிக் கல்வியையோ முழுமையாக ஒப்படைக்க முடியாது என்பதையும் மறுப்புக் கடிதம் எழுதிய நண்பர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும். பெரியம்மையை உலகிலிருந்து ஒழித்தது உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டலில் நாட்டு அரசுகள் தங்கள் ஊழியர்களைக் கொண்டு நடத்திய இயக்கம். 1977-ல் சோமாலியாவில் கண்ட நோயாளியோடு இயற்கைப் பரவல் முடிந்தது. அந்த அளவில் ஒரு வேலையைச் செய்யும் கைகள் அரசுகளிடம்தான் இருந்தன.

இந்தக் கட்டுரைத் தொடரின் அடுத்த பகுதி வரவிருப்பதாக அடிக்குறிப்பில் பார்த்தேன். அதில் முதியோர் இல்லம், மருத்துவமனை, பள்ளி, கடன் நிறுவனம், மருந்து ஆய்வு ஆகியவற்றை ஒரே பட்டியலில் அடைக்காமல், ஒவ்வொரு வேலையையும் தனித்தனியாக எடுத்துக்கொண்டு, அதைச் செய்யும் பல வகை நிறுவனங்களையும் அந்த வேலைக்குள்ளேயே ஒப்பிடுமாறு கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன். நிர்வாகச் செலவு விகிதத்துக்குப் பதிலாக, பலன் பெற்ற ஒருவருக்கு மொத்தம் எவ்வளவு செலவானது, அந்தப் பலன் ஓராண்டு கழித்தும் நின்றதா, அதைச் சரிபார்த்தவர் அந்த நிறுவனத்திடம் சம்பளம் வாங்குபவரா வெளியாளா என்பவற்றை அவர் கேட்டு வெளியிடலாம். பதில் தர மறுத்த நிறுவனங்களின் இடத்தை வெறுமையாக விட்டு, மறுத்தவை எந்த வகையைச் சேர்ந்தவை என்பதையும் குறிப்பிட்டால், வாசகர்களாகிய எங்களுக்கு அதுவே பாதித் தகவல். முதல் பகுதியில் வெளியான மதிப்பெண் பட்டியல் எந்தெந்த நிறுவனங்களின் கணக்கைக் கொண்டு, எந்த ஆண்டுக்குத் தயாரிக்கப்பட்டது என்பதையும் அடுத்த பகுதியில் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
ஓய்வு பெற்ற தணிக்கையாளர்